உமர் கய்யாம்: கூஜாவின் கழுத்தில் ஒரு கை

"கையில் கம்பன் கவியுண்டு, கலசம் நிறைய மதுவுண்டு" என்ற வரிகளைப் பள்ளிக்கூடத்திலோ பட்டிமன்றத்திலோ நம்மில் பலர் கேட்டிருப்போம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமிழில் தந்த உமர் கய்யாம் பாடல் அது. சரி, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஈரானில் பிறந்த ஒருவர் கையில் கம்பன் எப்படி வந்தார்? கய்யாமைப் புதிதாகப் படிக்க வருகிறவருக்கு இதைவிட நல்ல நுழைவாசல் கிடையாது என்று நினைக்கிறேன். விடைக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். முதலில் ஆளைப் பார்ப்போம்.

உமர் 1048-இல் நிஷாபூரில் பிறந்தார். இன்றைய ஈரானின் வடகிழக்கில், அன்று குராசான் என்று அழைக்கப்பட்ட பகுதியில் இருந்த பெரிய ஊர் அது. பட்டுப்பாதை வணிகர்கள் வந்து தங்கும் இடம். பக்கத்து மலையில் நீலப் பச்சைக் கற்கள் வெட்டி எடுத்தார்கள். மண்பாண்டத் தொழிலும் செழித்திருந்தது. 20-ஆம் நூற்றாண்டில் அங்கே அகழாய்வு செய்தபோது எழுத்து அலங்காரம் போட்ட கிண்ணங்களும் தட்டுகளும் ஏராளமாகக் கிடைத்தன. இந்த மண்பாண்டச் சங்கதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 'கய்யாம்' என்றால் கூடாரம் செய்பவர் என்று பொருள். குடும்பத்தொழிலால் வந்த பெயராக இருக்கலாம். அவர் பார்த்த வேலை முற்றிலும் வேறு.

கணக்கும் வானியலும்தான் அவருடைய வேலை. இருபது வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்திலேயே சமர்கந்துக்குப் போய், அங்கிருந்த தலைமைக் காஜியின் ஆதரவில் அல்ஜீப்ரா பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த நூலின் சிக்கலை எளிமையாக இப்படிச் சொல்லலாம். ஒரு சதுரத்தின் பரப்பு சம்பந்தப்பட்ட சமன்பாட்டுக்கு விடை காண அன்றைக்கே வழி தெரியும். ஆனால் ஒரு கனசதுரத்தின் கொள்ளளவு உள்ளே வந்துவிட்டால், அதாவது எண்ணை மூன்று முறை பெருக்கும் சமன்பாடு வந்துவிட்டால், எல்லாவற்றுக்கும் பொருந்தும் வழி எதுவும் கிடையாது. கய்யாம் அந்தச் சமன்பாடுகளை வகைவகையாகப் பிரித்தார். அப்புறம் ஒரு வட்டத்தையும் ஒரு பரவளையத்தையும் வரைந்து, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விடை இருக்கிறது என்று காட்டினார். வேறு வகைகளுக்கு வேறு வளைகோடுகள். வரையாமல் எண்களாலேயே தீர்க்கும் வழி தனக்குப் பிடிபடவில்லை, பின்னால் வருபவர் யாராவது காணக்கூடும் என்றும் எழுதிவைத்தார். அந்த வழி 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில்தான் கிடைத்தது. தனக்குத் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் தெளிவாகக் கோடு போடும் இந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் பெயரில் வரும் பாடல்களிலும் அதே குணம் தெரிகிறது.

1074-இல் செல்ஜுக் சுல்தான் மாலிக் ஷா அவரை இஸ்ஃபஹானுக்கு அழைத்தார். அங்கே வானாய்வு நிலையம் அமைக்கும் குழுவில் கய்யாம் முக்கியமானவர். ஈரானியப் புத்தாண்டான நவ்ரோஸ், லீப் நாள் சேர்க்காத பழைய கணக்கால் தன் பருவத்தை விட்டு நகர்ந்து போயிருந்தது. பகலும் இரவும் சமமாகும் வசந்த நாளோடு அதைக் கட்டிப்போட்டு, 1079-இல் ஜலாலி நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பா தன் நாட்காட்டியைத் திருத்தியது அதற்கு ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகு, 1582-இல். இன்றைக்கு ஈரானில் சுவரில் தொங்கும் நாட்காட்டி ஜலாலி வழியில் வந்ததுதான்.

1092-இல் அமைச்சர் நிஜாமுல் முல்க் கொலை செய்யப்பட்டார். அடுத்த சில வாரங்களில் சுல்தானும் இறந்தார். ஆதரவு போனது, வானாய்வு வேலையும் நின்றது. கய்யாம் ஹஜ் போய்வந்தார். பிறகு பெரும்பாலும் நிஷாபூரிலேயே இருந்து 1131-இல் காலமானார். கய்யாமும் நிஜாமுல் முல்கும், அலமூத் கோட்டையைப் பிடித்த ஹசன் சப்பாவும் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள் என்று ஒரு கதை உண்டு. சுவையான கதைதான். ஆனால் நிஜாமுல் முல்க் பிறந்தது 1018-இல், கய்யாமைவிட முப்பது வயது மூத்தவர். நம்ப வேண்டியதில்லை.

சரி, பாட்டுக்கு வருவோம்.

கய்யாமின் பெயரில் வழங்குபவை 'ருபாயி' என்ற வடிவில் இருக்கின்றன. நான்கு என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. மொத்தமே நான்கு அடிகள். நமக்கு எதுகை அடியின் முதலில் வரும். பாரசீகத்தில் ஓசை ஒத்துப்போவது அடியின் கடைசியில், நாம் இயைபு என்று சொல்கிறோமே, அது. ருபாயியில் முதல், இரண்டாம், நான்காம் அடிகள் ஒன்றாக முடியும். மூன்றாவது பெரும்பாலும் விலகி நிற்கும். இந்த விலகலில்தான் வடிவத்தின் உயிர் இருக்கிறது. இரண்டு அடிகளைக் கேட்டுக் காது பழகியிருக்கும்போது மூன்றாவது வேறெங்கோ போகும். அடுத்து என்ன என்று நாம் காத்திருக்கும்போது நான்காவது வந்து பழைய ஓசையில் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடும்.

ஒன்றை அப்படியே பார்த்துவிடலாம். வாய்விட்டுப் படியுங்கள், பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

இன் கூஸே சோ மன் ஆஷெகெ ஸாரி பூதஸ்த்
தர் பந்தெ ஸரெ ஸோல்ஃபெ நெகாரி பூதஸ்த்
இன் தஸ்தே கெ பர் கர்தனெ ஊ மீபீனி
தஸ்தீஸ்த் கெ பர் கர்தனெ யாரி பூதஸ்த்

முதலில் வரும் 'கூஸே' யாரென்று தெரிகிறதா? நம் வீட்டுக் கூஜாவேதான். சொல் பாரசீகத்திலிருந்து புறப்பட்டு, பல கை மாறித் தமிழுக்கு வந்தது. நம்முடையது பித்தளையிலோ எவர்சில்வரிலோ மூடியோடு இருக்கும். அவர்களுடையது மண்ணால் செய்தது. கழுத்து ஒடுங்கியிருக்கும், கழுத்திலிருந்து வளைந்து வரும் பிடி ஒன்று இருக்கும். இப்போது பொருளைப் பாருங்கள்:

இந்தக் கூஜாவும் என்னைப் போல ஏங்கித் தவித்த காதலனாக இருந்தது.
ஓர் அழகியின் கூந்தலில் கட்டுண்டு கிடந்தது.
இதன் கழுத்தில் நீ பார்க்கிறாயே, இந்தக் கைப்பிடி,
காதலியின் கழுத்தில் கிடந்த கை அது.

'தஸ்த்' என்றால் கை, 'தஸ்தே' என்றால் கைப்பிடி. பாட்டு முழுக்க இந்த ஒரு சொல் விளையாட்டின் மேல் நிற்கிறது. தமிழில் நமக்கு எந்தச் சிரமமும் இல்லை, கைப்பிடிக்குள்ளேயே கை இருக்கிறது, பானைக்கும் கழுத்து இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். முதல், இரண்டாம், நான்காம் அடிகள் 'பூதஸ்த்' என்று முடிகின்றன. 'இருந்திருக்கிறது' என்று பொருள், நடந்து முடிந்த காலம். அதற்கு முன்னால் ஸாரி, நெகாரி, யாரி என்று ஓசை ஒத்துவருகிறது. மூன்றாம் அடி மட்டும் 'மீபீனி', 'நீ பார்க்கிறாய்' என்று முடிகிறது. ஓசை விலகும் அதே இடத்தில் காலமும் மாறுகிறது. போன மூன்று அடிக்கு நடுவே இன்று ஓர் அடி. அந்த ஓர் அடியில் நாம் கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நிஷாபூர் தெருவிலிருந்து என்பேன். இறந்தவர்களை மண்ணில் புதைக்கும் ஊர், அதே மண்ணைப் பிசைந்து பாண்டம் செய்யும் ஊர். பல தலைமுறை போனால் எது யாருடைய மண்? கய்யாம் பெயரில் உள்ள பாடல்களில் குயவர் திரும்பத் திரும்ப வருவார். களிமண்ணை ஓங்கி மிதிப்பார். கொஞ்சம் மெதுவாக, நானும் உன்னைப் போல் இருந்தவன்தான் என்று களிமண் சொல்லும்.

இன்னொரு பாட்டில் வானத்தோடு தோள் உரசிய ஓர் அரண்மனை வருகிறது. அரசர்கள் அதன் வாசலில் முகம் வைத்து வணங்கியிருக்கிறார்கள். இப்போது இடிந்து கிடக்கும் அதன் மதில் முகட்டில் ஒரு புறா உட்கார்ந்து 'கூ, கூ, கூ, கூ' என்கிறது. அவ்வளவுதான் பாட்டு. பாரசீகத்தில் 'கூ' என்றால் 'எங்கே?' புறா தன் பாட்டுக்குக் கூவுகிறது, நமக்குத்தான் அது கேள்வியாகக் கேட்கிறது.

இவ்வளவும் சொன்னபிறகு, புதிதாகப் படிக்க வருகிறவரிடம் மறைக்கக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பாடல்களில் எவை கய்யாம் எழுதியவை என்பது உறுதியாகச் சொல்ல முடியாத விஷயம். அவர் உயிரோடு இருந்த காலத்தில் அவரைக் கவிஞர் என்று குறிப்பிட்ட சான்று கிடைக்கவில்லை. அவரை நேரில் அறிந்த நிஜாமி அரூஸி என்பவர் அமைச்சக எழுத்தர்கள், கவிஞர்கள், சோதிடர்கள், மருத்துவர்கள் என்று நான்கு பகுதிகளாக ஒரு நூல் எழுதினார். கய்யாம் அதில் வருகிறார், ஆனால் கவிஞர்கள் பகுதியில் இல்லை. நட்சத்திரம் பார்ப்பவர்கள் பகுதியில் இருக்கிறார்.

அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகே பாரசீகப் பாடல்கள் அவர் பெயரில் வெளியே வருகின்றன. 1210-இல் இறந்த ஃபக்ருத்தீன் ராஸி என்ற அறிஞர் ஒரு ருபாயியை மேற்கோள் காட்டுகிறார். 1223-இல் நஜ்முத்தீன் தாயா என்ற சூஃபி அதையும் இன்னொன்றையும் எடுத்துப்போட்டு, வழி தெரியாத தத்துவவாதி என்று கய்யாமைத் திட்டுகிறார். திட்டியவர் வழியாகப் பாட்டு பிழைத்தது! அந்தப் பாட்டு என்ன சொல்கிறது?

படைத்தவன் இந்த உடம்புகளை அழகாகச் சேர்த்துவைத்தான். அப்புறம் எதற்காகக் குறைவிலும் தேய்விலும் தள்ளினான்? நன்றாக வந்திருந்தால் உடைப்பது எதற்கு? நன்றாக வரவில்லை என்றால் குற்றம் யாருடையது?

இதில் மது இல்லை, ரோஜா இல்லை, காதலி இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு கணக்காசிரியர் கேட்கும் கேள்வி மாதிரி இருக்கிறது: இப்படியென்றால் இது, அப்படியென்றால் அது, நீங்கள் எந்தப் பக்கம்? தாயா காட்டும் இன்னொரு பாட்டும் இதே போலத்தான். நாம் வந்து போகும் இந்த வட்டத்துக்குத் தொடக்கமும் தெரியவில்லை, முடிவும் தெரியவில்லை; எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம் என்று சரியாகச் சொன்னவர் யாருமில்லை என்கிறது. கய்யாம் என்றாலே கோப்பையும் கையுமாக ஒரு கிழவரின் படம் நம் மனதில் வருகிறது. பழைய சான்றுகளில் நமக்குக் கிடைப்பவரோ கேள்வி கேட்கிறவர். என்னைக் கேட்டால் இந்தக் கய்யாமிடமிருந்து தொடங்குவதுதான் சரி.

காலம் போகப் போக அவர் பெயரில் பாடல்கள் பெருகின. யாராவது ஒரு துணிச்சலான நாலடியை எழுதிவிட்டால், தன் பெயரில் வெளியிடப் பயந்தாலும் சரி, எழுதியவர் யார் என்று மறந்துபோனாலும் சரி, அது கய்யாம் கணக்கில் சேர்ந்துவிடும். நம் ஊரில் யாரோ பாடிய தனிப்பாடல் ஔவையார் பெயரில் சேர்ந்துகொள்வது மாதிரி. 1897-இல் ருஷ்ய அறிஞர் ஜுக்கோவ்ஸ்கி, கய்யாம் பாடல்கள் என்று வழங்கியவற்றில் 82 மற்ற கவிஞர்களின் தொகுப்புகளிலும் இருப்பதைக் காட்டினார். அவற்றுக்கு 'அலையும் பாடல்கள்' என்று பெயர் வந்தது. ஈரானிய எழுத்தாளர் சாதெக் ஹெதாயத் 1934-இல் 143 பாடல்களைத் தேர்ந்து வெளியிட்டார். ஃபொரூகியும் கனியும் 1942-இல் 178 என்றார்கள். ஆயிரத்துக்கு மேல் வழங்கியவற்றில் மிஞ்சியது அவ்வளவுதான். கூஜா பாட்டையும் புறா பாட்டையும்கூட அவர்தான் எழுதினார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கய்யாம் என்பது ஒரு மனிதரின் பெயர், கூடவே ஒரு பாடும் முறையின் பெயரும் என்று எடுத்துக்கொண்டால் படிக்கச் சௌகரியமாக இருக்கும்.

இனி கம்பனுக்கு வருவோம்.

ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் 15-ஆம் நூற்றாண்டில் ஷிராஸில் எழுதப்பட்ட ஒரு சுவடி இருந்தது, 158 ருபாயிகள் கொண்டது. எட்வர்ட் கோவெல் என்ற அறிஞர் அதைக் கண்டெடுத்து, தன்னிடம் பாரசீகம் கற்ற நண்பர் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் படியெடுத்துக் கொடுத்தார். பிறகு வேலைக்காகக் கல்கத்தா போன கோவெல், அங்கே ஆசியவியல் கழகத்தில் இருந்த இன்னொரு சுவடியின் படியையும் அனுப்பிவைத்தார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஃபிட்ஸ்ஜெரால்டு 1859-இல் 75 பாடல்கள் கொண்ட சிறு நூலைத் தன் பெயர் போடாமல் வெளியிட்டார். அச்சிட்டது 250 பிரதி. விற்கவில்லை. கடைக்காரர் வாசலில், ஒரு பென்னிக்கு விற்கும் மலிவுப் பெட்டியில் போட்டுவிட்டார். 1861-இல் அது கவிஞர் ரொசெட்டியின் கைக்கு வந்தது, அவர் நண்பர்களிடம் கொடுத்தார். அதன் பிறகு உலகமே படித்தது.

ஃபிட்ஸ்ஜெரால்டு செய்ததை மொழிபெயர்ப்பு என்று மட்டும் சொல்வது போதாது. பாரசீகத்தில் ஒவ்வொரு ருபாயியும் தனி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தொடர்பு கிடையாது. சுவடிகளில் அடியின் கடைசி எழுத்தை வைத்து அகரவரிசையில் அடுக்கியிருப்பார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டு அவற்றில் சிலவற்றைப் பொறுக்கி, சிலவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிசைந்து, விடியலில் தொடங்கி நிலா உதிக்கும்போது முடியும் ஒரே நாளாகக் கோத்தார். அது அவர் கட்டிய வீடு, செங்கல் மட்டும் பாரசீகம். கவிமணி தமிழாக்கியது இந்த ஆங்கிலத்தைத்தான்.

ஆகவே நம் பாட்டைப் பின்னோக்கித் தொடர்ந்து போகலாம். கவிமணியிடம் வெயிலுக்கேற்ற நிழல், தென்றல், கம்பன் கவி, கலசம் நிறைய மது, பாட ஒரு துணை. ஆங்கிலத்தில் மரக்கிளையின் கீழே கவிதைப் புத்தகம், ஒரு குடுவை மது, ஒரு ரொட்டி, ஆளில்லாத வெட்டவெளியில் பாடிக்கொண்டு நீ. கவிமணி ரொட்டியை விட்டுவிட்டார், பெயர் இல்லாத கவிதைப் புத்தகத்துக்குத் தமிழர் கையில் இருக்கக்கூடிய பெயரைக் கொடுத்தார். பாரசீகத்துக்குப் போனால் இதன் பின்னால் இரண்டு ருபாயிகள் இருக்கின்றன. ஒன்றில் நல்ல கோதுமை ரொட்டி, மது, கூடவே ஆட்டுத்தொடை. ஆட்டுத்தொடை ஆங்கிலத்துக்கு வரவேயில்லை. மற்றொன்றில் ஒரு குடுவை சிவந்த மது, ஒரு 'தீவான்', அதாவது பாடல் தொகுப்பு, உயிரைப் பிடித்துவைக்கப் பாதி ரொட்டி. அப்புறம் 'மன் ஓ தோ', நானும் நீயும், உட்கார்ந்திருப்பது 'வீரானி'யில். சுல்தானின் அரசைவிட இது மேல் என்று முடிகிறது.

'வீரானி' என்றால் பாழிடம், இடிந்து கிடக்கும் இடம். ஆங்கிலத்தில் அது வெட்டவெளி ஆனது, தமிழில் தென்றல் வீசும் நிழல் ஆனது. கவிமணியின் பாட்டு என் நாவில் எப்போதும் இருப்பது, அதன் அழகை எந்த இடத்திலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு சொல் போனதில் ஒரு பெரிய விஷயம் போய்விட்டது. பாரசீகப் பாட்டில் இருவரும் சோலையில் உட்காரவில்லை. புறா 'எங்கே' என்று கூவிய மாதிரியான ஓர் இடிபாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதி ரொட்டிதான் இருக்கிறது. சுல்தான்கள் போன இடத்தில் உட்கார்ந்துகொண்டு சுல்தானைவிட நன்றாக இருக்கிறோம் என்கிறார்கள். அந்தச் சந்தோஷத்துக்குள் இடிபாடு முழுசாகத் தெரிகிறது.

மதுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். அது நிஜ மது என்று ஒரு கட்சி, இறையன்பின் குறியீடு என்று ஒரு கட்சி. 1867-இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த நிக்கோலா சூஃபிப் பொருள்தான் சொன்னார், ஃபிட்ஸ்ஜெரால்டு மறுத்தார். சண்டை இன்னும் ஓயவில்லை. பாட்டைப் படிக்கும்போது தண்ணீரும் மண்ணும் காலமும் எங்கே வருகின்றன என்று பாருங்கள், கோப்பை தானாகத் தன் இடத்துக்கு வந்துவிடும்.

எப்படிப் படிப்பது என்று கேட்டால், கவிமணியை ஒரே மூச்சில் படிக்கலாம், அது அப்படிப் பாடவே எழுதியது. பாரசீகத்திலிருந்து நேராக வந்த மொழிபெயர்ப்பு கிடைத்தால் ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டுக்கு மேல் வேண்டாம். நாற்பது ருபாயிகளை வரிசையாகப் படித்தால் எல்லாம் ஒன்று போலத் தெரியும், குற்றம் பாட்டின் மேல் வந்து விழும்.

நிஷாபூரில் இன்று அவர் கல்லறையின் மேல் வெள்ளை நிறத்தில் உயரமான நினைவுமண்டபம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஹூஷங் செய்ஹூன் வடிவமைத்து 1963-இல் முடித்தது. சாய்சதுரங்கள் பின்னிக்கொண்டு மேலே போய்க் கூடும், நடுநடுவே ருபாயிகள் எழுதியிருக்கும். ஆனால் எனக்கு அந்தக் கல்லறை என்றால் நிஜாமி அரூஸி எழுதியதுதான் நினைவுக்கு வரும். 1112-13 வாக்கில் பல்க் நகரில் ஒரு வீட்டில் கூடியிருந்தபோது, வருஷத்துக்கு இருமுறை மரங்கள் பூச்சொரியும் இடத்தில் என் கல்லறை இருக்கும் என்று கய்யாம் சொன்னாராம். நடக்கிற காரியமா என்று அரூஸிக்குத் தோன்றியது. ஆனாலும் இவர் வீணாக எதுவும் சொல்கிறவர் இல்லை என்பதும் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் போனது. 1135-36-இல் நிஷாபூர் வந்தவர், ஆசிரியருக்குச் செய்ய வேண்டிய கடமை என்று கல்லறையைப் பார்க்கப் போனார். வழிகாட்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு இடுகாட்டுக்குள் நுழைந்து இடப்பக்கம் திரும்பினால், ஒரு தோட்டத்துச் சுவரின் அடியில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேரி மரங்களும் பீச் மரங்களும் தலை நீட்டிக்கொண்டிருந்தன. உதிர்ந்த பூக்கள் மூடியதில் கல்லறைக் கல்லே தெரியவில்லை. பல்கில் கேட்டது நினைவுக்கு வந்து, அங்கேயே நின்று அழுதேன் என்று எழுதியிருக்கிறார்.